வாந்திபேதிக் கிருமியும் அதன் நஞ்சும்

நோய் விளைக்கும் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே வழியில் உடலைத் தாக்குவன அல்ல. சில கிருமிகள் திசுக்களுக்குள் நுழைந்து, அங்கேயே தங்கிப் பெருகி, அவற்றைச் சிறிது சிறிதாக அழிப்பன. காசநோய்க் கிருமி இவ்வகையைச் சார்ந்தது. சில, குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவன. டைபாயிடு காய்ச்சலை விளைக்கும் கிருமி இதற்குச் சான்று. வேறு சிலவோ, தாம் புகுந்த இடத்தை விட்டு அதிகம் அசையாமல், தாம் சுரக்கும் நச்சுப் பொருளைக் கொண்டே உடலைக் கெடுப்பன. தொண்டை அடைப்பான் கிருமி தொண்டையிலேயே இருக்க, அதன் நஞ்சு இருதயத்தைத் தாக்குகிறது. வில்வாத ஜன்னிக் கிருமி காலிலுள்ள சிறு புண்ணில் கிடக்க, அதன் நஞ்சு நரம்பின் வழியே ஏறித் தாடையைப் பூட்டுகிறது. நோய்க்கிருமிகளைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியர், கிருமிகளின் பெயர்ப் பட்டியலைத் தருவதற்கு முன் இந்த வேற்றுமையை விளக்குவாராயின், ஏனைய செய்திகள் மாணவர் மனத்தில் எளிதாக இடம் பெறும்.

காலரா என்றும், வாந்திபேதி என்றும், நம் பழைய மருத்துவர்களால் ஊழிநோய் என்றும் வழங்கப்படும் நோய் மேற்கூறிய மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஆயினும் இதனை அறிந்து கொள்ள உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது. கிருமி கண்டறியப்பட்டது 1884-ஆம் ஆண்டில். அது நஞ்சினாலேயே நோயை விளைக்கிறது என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது 1959-இல். இவ்விரு செயல்களும் கல்கத்தா நகரிலேயே நிகழ்ந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 75 ஆண்டுகளில், நோயின் இயல்பைப் பற்றிய தவறான கருத்துகளால் சிகிச்சை முறையும் தடுமாறியது. நோயாளிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா என்னும் வினாவிற்குக் கூடத் தெளிவான விடை இல்லாதிருந்தது.

கிருமியின் இயல்பு

விப்ரியோ காலரே என்பது இக்கிருமியின் விஞ்ஞானப் பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் இரண்டு அல்லது மூன்று கூறு நீளமே உடையது. எழுத்தில் இடும் காற்புள்ளியைப் போலச் சற்றே வளைந்திருக்கும். இதன் ஒரு முனையில் வால் போன்ற ஒரே ஓர் இழை உண்டு. இவ்விழையின் சுழற்சியால் அது நீரில் அம்பு பாய்வது போலப் பாய்ந்து செல்லும். நோயாளியின் கழிவில் ஒரு துளியை நுண்நோக்காடியில் வைத்துப் பார்க்கும் பயிற்சி பெற்றவர், இப்பாய்ச்சலைக் கண்ட அளவிலேயே கிருமி இன்னதென்று ஐயுறத் தொடங்கிவிடுவார்.

மனிதனுடைய குடலே இக்கிருமியின் பிறப்பிடம் என்று எண்ணிவிடலாகாது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் சிற்றுயிர்களின் மேலோட்டில் ஒட்டிக்கொண்டு, மனிதன் இல்லாமலே அது ஆண்டாண்டுகளாக வாழ்ந்து வருகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலோடு கூடும் வங்கச் சமவெளி இந்நோயின் பழைய இருப்பிடமாக விளங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். 1817-இல் அங்கிருந்து புறப்பட்ட கொள்ளை நோய் நாடு கடந்து பரவியது. அதனையே முதல் உலகப் பரவல் என்று கணக்கிடுகின்றனர். இப்பொழுது நிகழ்ந்து வருவது ஏழாவது பரவல். இது 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்கி, 1964-இல் இந்தியாவை அடைந்தது. இதற்குக் காரணமான எல்டார் வகைக் கிருமி, சைனாய்த் தீபகற்பத்தில் யாத்திரிகர்களுக்காக அமைந்திருந்த தனிமை நிலையமொன்றில் 1905-இல் கண்டெடுக்கப்பட்டது. அவ்வூரின் பெயரே கிருமிக்கும் ஆயிற்று.

காரத்தில் இக்கிருமி செழிக்கும், அமிலத்தில் மடியும், உலர்ந்தாலும் மடியும். ஆகவே நம் இரைப்பையிலுள்ள அமிலமே இதற்கு முதல் எதிரி. தாமே முன்வந்த நலமுள்ள மனிதர்களிடம் நடத்திய சோதனைகளில், அமிலம் குறையாத வயிற்றில் நோய் உண்டாக ஏறத்தாழ 10 கோடி கிருமிகள் வேண்டியிருந்தன. சோடா உப்பைக் கொடுத்து அமிலத்தை மட்டுப்படுத்திய பின், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிருமிகளே போதுமானவையாயின. ஒரே கிணற்று நீரைக் குடித்த ஒரே வீட்டாருள் ஒருவர் நோயுற்று மற்றவர் தப்புவதைக் களப்பணியாளர் அடிக்கடி காண்பர். இதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. ஊட்டக் குறைவினால் அமிலச் சுரப்புக் குன்றியவர்களும், அமிலத்தை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்பவர்களும் எளிதில் நோய்க்கு ஆளாவர்.

அமிலத்தைத் தப்பிச் சிறுகுடலை அடைந்த கிருமிகள், தம் மேனியிலுள்ள நுண்ணிய இழைகளின் துணையால் அங்கே பற்றிக்கொண்டு பெருகுகின்றன. சில மணி நேரம் முதல் 5 நாட்களுக்குள் நோய் தோன்றும். கிருமி புகுந்தவருள் பெரும்பாலோர்க்கு நோயே தோன்றுவதில்லை, அல்லது எளிய வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். எனினும் அவர்களும் சில நாட்கள் கிருமிகளைக் கழிவில் வெளியேற்றுவர். நோய் கடுமையானவரிடமோ, மலம் தன் நிறமும் மணமும் இழந்து நீராகவே போகும். அரிசி களைந்த கழுநீரைப் போல வெண்மையாயிருக்கும் அந்நீர் மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறுவதும் உண்டு. சிகிச்சையின்றி விடப்பட்டால் இத்தகையோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் இறப்பர். சிலர் நோய் தொடங்கிய அன்றே இறப்பர். தக்க சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு ஒருவர் கூட இறப்பதில்லை. ஒரே நோயில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை வேறெங்கும் காண்பது அரிது.

கல்கத்தாவில் ராபர்ட் காக்

இத்தாலி நாட்டு பிலிப்போ பச்சினி 1854-லேயே நோயாளிகளின் குடலில் இக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தார். அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. அதே ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ, ஒரு தெருக்குழாயின் நீரைக் குடித்த வீடுகளிலேயே நோய் மிகுந்திருப்பதை வரைபடத்தில் குறித்துக் காட்டி, அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். கிருமி இன்னதென்று அறியாமலே நோய் நீரின் வழியாகப் பரவுகிறது என்று காட்டிய அவருடைய செயல், களப்பணியாளர் எந்நாளும் படித்துப் பயன் கொள்ளத் தக்கது.

ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் 1883-இல் எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியாவில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கே நோய் தணிந்து விடவே, அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவிற்கு வந்தார். இறந்தவர்களின் குடலிலிருந்து கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். நோயுற்றவர் குடியிருந்த குடிசைகளுக்கு நடுவிலிருந்த ஒரு குளத்தின் நீரிலும் அதே கிருமியைக் கண்டார். 1884-இன் தொடக்கத்தில் தம் முடிவைத் தம் அரசாங்கத்திற்கு எழுதினார்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. ஒரு கிருமியே ஒரு நோய்க்குக் காரணம் என்று நிறுவ வேண்டுமாயின், அதனைப் பிரித்தெடுத்து ஒரு பிராணிக்குச் செலுத்தி அந்நோயை உண்டாக்கிக் காட்டுதல் வேண்டும் என்பது காக் முதலியோர் வகுத்த விதி. எந்தப் பிராணிக்கும் இந்நோய் இயல்பாக வருவதில்லை. அவரும் அவருக்குப் பின் வந்தோரும் இதில் பெரிதும் இடர்ப்பட்டனர். கருத்து மாறுபாடு கொண்ட பெட்டன்கோபர் என்னும் மூனிக் நகரப் பேராசிரியர், 1892-இல் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்து, சிறிய வயிற்றுப்போக்கோடு பிழைத்துக்கொண்டு, கிருமி மட்டும் நோயைத் தராது என்று வாதிட்டார். அவர் பிழைத்ததன் காரணத்தை, மேலே கூறிய செய்திகளைக் கொண்டு மாணவர்களையே ஊகிக்கச் சொல்லலாம்.

கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கக்கூடும் என்று காக் கருதினார். ஆனால் பின்வந்த ஆராய்ச்சி வேறு திசையில் சென்றது. நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே அடைபட்டிருப்பது, கிருமி இறந்து சிதைந்தால்தான் வெளிப்படுவது என்னும் கருத்து வலுப்பெற்றது. எனவே கிருமிகளைப் பிராணிகளின் வயிற்றறைக்குள்ளும் இரத்தக் குழாய்களுக்குள்ளும் ஊசியால் செலுத்திப் பார்த்தனர். பிராணிகள் இறந்தன, ஆனால் வாந்திபேதியால் அன்று. இறந்த நோயாளிகளை அறுத்துப் பார்த்தவர்கள், குடலின் உட்சவ்வு உரிந்து போயிருப்பதைக் கண்டு, இந்நோய் குடலைப் புண்ணாக்குகிறது என்று முடிவு செய்தனர். அவ்வுரிதல் இறந்த பின் ஏற்படும் சிதைவு என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. உயிரோடிருக்கும் நோயாளிகளின் குடற்சவ்விலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து ஆராய்ந்து 1960-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சவ்வு முழுமையாக இருப்பதைக் காட்டியது.

முயற்குடலில் நடந்த சோதனை

சம்பு நாத் தே 1915-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டன் சென்று ராய் காமரான் என்பாரிடம் ஆராய்ச்சி செய்து 1949-இல் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் விதத்தை. உயிருள்ள சவ்வினூடே நீர் கசிவது எவ்வாறு என்னும் வினா அவர் மனத்தில் அப்பொழுதே வேரூன்றியிருந்தது போலும்.

கல்கத்தா திரும்பிய அவர், முன்னோர் செய்த பிழை எங்கே என்று நோக்கினார். நோயாளியின் உடலில் கிருமி இரத்தத்தில் இல்லை, வயிற்றறையில் இல்லை, சிறுகுடலின் உள்ளே இருக்கிறது. அவ்வாறாயின் பிராணியிலும் அதனைச் சிறுகுடலின் உள்ளேதானே இட்டுப் பார்க்க வேண்டும்? முயலை மயக்கமுறச் செய்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளமுள்ள பகுதியின் இரு முனைகளையும் நூலால் கட்டினார். கட்டுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் கிருமி வளர்ந்த திரவத்தைச் சிறிதளவு செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்க்கையில், கட்டிய பகுதி நீரால் நிரம்பிப் புடைத்திருந்தது. அந்நீர் வாந்திபேதி நோயாளியின் கழிவை ஒத்திருந்தது. கிருமியில்லாத திரவத்தைச் செலுத்திய பகுதியோ வெறுமையாகச் சுருங்கிக் கிடந்தது. சட்டர்ஜி என்னும் உடனாராய்ச்சியாளரோடு சேர்ந்து இதனை 1953-இல் வெளியிட்டார்.

இச்சோதனைக்கு வேண்டியவை முயலும் கத்தியும் நூலும் ஊசியுமே. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. எழுபது ஆண்டுகளாகப் பிறர் கேட்கத் தவறிய கேள்வியைச் சரியாகக் கேட்டதே அவருடைய சிறப்பு.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. புடைப்பு ஏற்பட்டது கிருமியினாலா, கிருமி சுரந்த பொருளினாலா? டாக்டர் தே கிருமி வளர்ந்த திரவத்தை நுண்ணிய வடிகட்டியில் ஊற்றி, கிருமிகளை முற்றிலும் நீக்கினார். ஓர் உயிரும் இல்லாத அத்தெளிந்த நீரை முயற்குடலின் கட்டிய பகுதிக்குள் செலுத்தினார். பகுதி முன்போலவே புடைத்தது. கிருமி இல்லை, அதன் சிதைந்த உடலும் இல்லை. ஆயினும் நோயின் அடையாளம் தோன்றிற்று. ஆகவே கிருமி உயிரோடிருக்கும்பொழுதே வெளியே சுரக்கும் ஒரு நஞ்சு உண்டு என்பது உறுதியாயிற்று. 1959-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அக்கட்டுரை மிகச் சிறியது. அதே ஆண்டில் பம்பாயில் தத்தாவும் அவருடைய துணைவர்களும், பால்குடி மறவாத முயற்குட்டிகளிடம் வேறொரு முறையால் இதே முடிவிற்கு வந்தனர் என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுத்தது பத்தாண்டுகளுக்குப் பின், 1969-இல், அமெரிக்க ஆராய்ச்சியாளர் பின்கெல்ஸ்டைன் முயற்சியால் நிறைவேறியது.

குடலைக் கட்டிச் சோதிக்கும் இம்முறையை டாக்டர் தே 1956-லேயே வேறொரு கிருமிக்கும் பயன்படுத்தியிருந்தார். நம் குடலில் இயல்பாக வாழும் கோலி இனத்தைச் சேர்ந்த, ஆனால் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த சில கிருமிகளும் முயற்குடலைப் புடைக்கச் செய்தன. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு கொள்ளும் ஒரு கிருமி வகையை அறிவதற்கு இது வழிகாட்டியது.

1973-இல் அவர் ஓய்வு பெற்றார். 1978-இல் சுவீடனில் காலராவைப் பற்றி நடந்த நோபெல் ஆராய்ச்சிக் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டார். அமெரிக்க நோபெல் விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரைப் பரிசுக்கு முன்மொழிந்ததுண்டு. ஆனால் 1985-இல் அவர் மறையும் வரை, நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களுள் ஒன்றும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. கல்கத்தாவிற்கு வந்து சில மாதங்கள் தங்கிய காக்கின் பெயரை அறிந்த மாணவர் பலர். அங்கேயே வாழ்ந்து ஆராய்ந்த தேயின் பெயரைக் கேட்டவர் சிலர். இக்குறையை வகுப்பறையில் போக்குவது எளிது.

நஞ்சு செய்யும் வேலை

இந்த நஞ்சு ஒரு புரதம். ஒரு பெரிய துண்டும், அதனைத் தாங்கி வளையமாக நிற்கும் ஐந்து சிறு துண்டுகளும் சேர்ந்தது. குடற்சவ்வின் உயிரணு ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை ஐந்து சிறு துண்டுகளும் பற்றிக்கொள்கின்றன. பெரிய துண்டின் ஒரு பகுதி உயிரணுவிற்குள் செல்கிறது. உள்ளே, உப்பு வெளியேறும் வாயில்களைத் திறக்கவும் மூடவும் கட்டளையிடும் ஒரு புரதம் உண்டு. நஞ்சு அப்புரதத்தைத் திறந்த நிலையிலேயே இறுகச் செய்துவிடுகிறது. அதனால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருள் உயிரணுவில் மிகுதியாகச் சேர்கிறது. குளோரைடு குடலுக்குள் பாய்கிறது. சோடியம் அதனைத் தொடர்கிறது. உப்பு சென்ற வழியே நீரும் செல்கிறது. குடலின் கீழ்ப்பகுதி உறிஞ்ச வல்ல அளவினும் மிகுதியாக நீர் வந்து சேரவே, அது பேதியாக வெளியேறுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. உயிரணு இறப்பதில்லை, குடல் புண்படுவதில்லை. நோயாளி இறப்பது கிருமியாலோ நஞ்சாலோ நேரே அன்று. நீரும் சோடியமும் பொட்டாசியமும் காரப் பொருளும் உடலினின்று இழக்கப்பட்டு, இரத்தம் குறுகி, நாடி தளர்ந்து, சிறுநீரகம் ஓய்ந்து இறக்கிறார். மேலும், குடற்சவ்வின் உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியன முளைப்பது இயற்கை. நஞ்சேறிய உயிரணுக்கள் உதிர்ந்ததும் பேதி தானே நிற்கும். அச்சில நாட்கள் வரை, இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்துகொண்டே இருந்தால் நோயாளி பிழைப்பார்.

வகுப்பில் இதனை விளக்க, அடியில் துளையுள்ள ஒரு மண்பானை போதும். துளையை அடைக்க இயலாது என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் அளவை ஒரு கிண்ணத்தில் பிடித்து அளந்து, அதே அளவு மேலே ஊற்றிவந்தால் பானையின் நீர்மட்டம் மாறாது. மாணவர் இருவரைக் கொண்டு இதனைச் செய்து காட்டலாம்.

நஞ்சைப் பற்றிய வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. நஞ்சைச் செய்யும் மரபுக்கூறு இக்கிருமிக்குப் பிறப்புரிமை அன்று. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதனைக் கொண்டுவந்து கிருமிக்குள் செருகுகிறது என்று 1996-இல் வால்டோர், மெக்கலானோஸ் என்னும் இருவர் காட்டினர். கழிமுக நீரில் வாழும் இவ்வினக் கிருமிகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவையாக இருப்பது இதனால் விளங்கும்.

உப்பும் சர்க்கரையும்

இழந்த நீரைத் திரும்பக் கொடுத்தல் வேண்டும் என்னும் கருத்து மிகப் பழையது. 1831-32-இல் இங்கிலாந்தில் நோய் பரவியபொழுது ஓஷானசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டார். (பின்னர்க் கல்கத்தாவிற்கு வந்து இரசாயனப் பேராசிரியராகி, இந்தியாவிற்குத் தந்திக் கம்பி அமைத்தவரும் இவரே.) 1832-இல் தாமஸ் லாட்டா உப்பு நீரை இரத்தக் குழாயில் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் இம்முறையைத் திருத்தி, இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். ஆனால் ஊசியும் குழாயும் தூய திரவமும் கிராமத்திற்கு எங்ஙனம் போய்ச் சேரும்?

வாயால் கொடுத்தால் என்ன? கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 1953-இல், கடுமையற்ற நோயுடைய 186 பேருக்குக் குளுக்கோஸ் கலந்த உப்பு நீரை வாய்வழி கொடுத்துக் குணப்படுத்தியதாக 'லான்செட்' இதழில் எழுதினார். அது ஏன் பலிக்கிறது என்பது அன்று எவருக்கும் தெரியாததால், அது பரவவில்லை. 1960-இல் ராபர்ட் கிரேன் என்பார், குடலின் உயிரணு குளுக்கோசையும் சோடியத்தையும் ஒரே வாயிலின் வழியாகச் சேர்த்தே உள்ளிழுக்கிறது என்று கூறினார். வாந்திபேதி நஞ்சு வெளியேற்றும் வாயிலைத் திறந்துவிடுகிறதே அன்றி, உள்ளிழுக்கும் இவ்வாயிலைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீரோ வெறும் உப்பு நீரோ கொடுத்தால் பேதியோடு போய்விடும்; சிறிது சர்க்கரை சேர்ந்தால், அது சோடியத்தை அழைத்துக்கொண்டு உள்ளே செல்லும், நீர் பின்தொடரும். குடல் புண்பட்டிருக்கிறது என்னும் பழைய கருத்து உண்மையாயிருப்பின் இது நடவாது. 1968-இல் டாக்காவில் நாலின், காஷ் முதலியோர், கடுமையான நோயாளிகளிடமும் ஊசித் திரவத்தின் தேவை இம்முறையால் ஐந்தில் ஒரு பங்காகக் குறைவதைக் காட்டினர்.

பெருஞ்சோதனை 1971-இல் வந்தது. வங்கதேச விடுதலைப் போரினால் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தில் அடைக்கலம் புகுந்தனர். வனகாங் என வங்காளியில் எழுதப்பெறும் போன்காவ் எல்லையூரின் மருத்துவமனையில் வாந்திபேதி நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். குழந்தை மருத்துவரான திலீப் மகலானபிஸ் அங்கே பொறுப்பேற்றபொழுது ஊசித் திரவம் விரைவில் தீர்ந்து போயிற்று. 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சோடா உப்பு ஆகியவற்றை ஒரு லிட்டர் நீருக்கு என்று கணக்கிட்டுக் கல்கத்தாவில் பொட்டலங்களாகக் கட்டி வரவழைத்து, குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் தாயும் உடன்பிறந்தாருமே கிண்ணத்தில் பிடித்து ஊட்டினர். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவருடைய பொறுப்பிலிருந்தோருள் இறந்தவர் 3.6 விழுக்காடே ஆயினர். மகலானபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று வழங்கும் கலவை 2002 முதல் சற்று மாற்றப்பட்டது. ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையலுப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். பொட்டலம் கிடைக்கும் வரை வீட்டிலேயே, ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு. சர்க்கரை கூடினால் அதுவே நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைப் பெருக்கும். கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா என்பதற்குக் காரணமும் அதுவே. ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பாதியாக்கி ஒரு குவளையில் கரைக்கும் வழக்கத்தையும், 200 மில்லிலிட்டர் பொட்டலத்தை ஒரு குடத்தில் கரைக்கும் வழக்கத்தையும் களப்பணியாளர் பார்த்தவுடனே திருத்துதல் வேண்டும். பொட்டலத்தின் மேல் எழுதிய அளவைத் தாய் படித்தறிய இயலாவிடில், அவ்வீட்டிலுள்ள ஒரு பாத்திரத்தையே அளந்து அடையாளம் செய்து கொடுப்பது நலம்.

ஒவ்வொரு முறை பேதியான பின்னும், 2 வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டரும், பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும் கொடுக்கப்பெறும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. "தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும்" என்று முதியோர் தடுப்பதுண்டு. பேதியின் அளவு உடனே குறையாதது உண்மையே. ஆனால் பேதி நிற்பதற்காக அன்று, உயிர் நிற்பதற்காகவே இந்நீர் கொடுக்கப்படுகிறது என்று பொறுமையுடன் விளக்கினால் அவர்கள் ஏற்றுக்கொள்வர். கண்கள் குழிந்து, கிள்ளிய தோல் திரும்ப மெல்ல மெல்லப் படிந்து, நாடி அகப்படாமல், குடிக்கவும் இயலாத நிலை காணப்படின், அது வாய்வழிச் சிகிச்சைக்கு உரிய நிலை அன்று. நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். வழியிலும், விழுங்க முடியுமாயின், சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டே செல்லலாம். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாட்கள் கொடுப்பதும், கடுமையான நோயில் மருத்துவர் அறிவுரைப்படி கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பதும் துணைச் சிகிச்சைகள். பேதியை வலிந்து அடைக்கும் மருந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது.

நீரும் மாதிரியும்

கிணற்றிலும் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடர் இடும் முறையைக் களப்பணியாளர் நன்கறிவர். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழக்கும் என்பதும், இட்ட பின் ஒரு மணி நேரம் பொறுத்து, நீரில் எஞ்சியுள்ள குளோரினைச் சோதித்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதும் மட்டும் நினைவிலிருக்கட்டும். நோய் பரவும் காலத்தில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருத்தல் நன்று. வங்கதேசத்தின் மத்லாப் வட்டாரச் சிற்றூர்களில், பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து நீரை வடிகட்டிய குடும்பங்களில் நோய் 48 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் ரீட்டா கோல்வெல் குழுவினர் வெளியிட்டனர். கிருமி சேலையின் கண்களைக் காட்டிலும் மிகச் சிறியது. ஆயினும் அது ஒட்டியிருக்கும் சிற்றுயிர்கள் சேலையில் தங்கிவிடுகின்றன. காய்ச்சவும் குளோரின் இடவும் வழியில்லாத இடத்தில் இதுவேனும் செய்யலாம்.

இனி, மலமாதிரி எடுத்து அனுப்புவதைப் பற்றி. சிகிச்சை எல்லா நோயாளிக்கும் ஒன்றாயிருக்க, மாதிரி எதற்கு என்று பணியாளர் சிலர் கேட்பதுண்டு. இவ்வினக் கிருமியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் ஓ1 என்னும் வகையே கொள்ளை நோயை விளைக்கும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் வாந்திபேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் ஓ1 எதிர்ப்பொருளோடு கூட்டித் திரளவில்லை. விரைவில் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அதே கிருமி தோன்றியது. ஓ139 என்று பெயரிடப்பட்ட அப்புதிய வகைக்கு எதிராக மக்களிடம் முன் தடுப்பாற்றல் இல்லாமையால், குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களே மிகுதியாக நோயுற்றனர். பின்னாளில் அது தணிந்துவிட்டது. ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரிகள் ஒழுங்காகச் சென்று சேர்ந்ததனால்தான் அது தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. அதன் நஞ்சு பழைய நஞ்சே. ஆகவே உப்புச் சர்க்கரை நீர் அதற்கும் பலித்தது. ஆனால் ஓ1 வகையை மட்டும் கருதிச் செய்த தடுப்பு மருந்து பயன்படாதென்பது தெரியவே, கல்கத்தாவில் 2006-இல் சோதித்து 2009-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் இரு வகைகளும் சேர்க்கப்பட்டன.

மாதிரியைக் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்தல் வேண்டும். பின் எடுத்தால் கிருமி வளராமல், நோயே இல்லையென்று தவறான விடை வரும். பஞ்சுத் துடைப்பானை மலத்தில் நனைத்தோ, மலவாயினுள் செலுத்திச் சுழற்றியோ எடுத்து, உடனே கேரி-பிளேர் ஊடகத்தில் அமிழ்த்தி மூடுக. உலர்ந்த துடைப்பானை வெறும் குழாயில் அனுப்புவதால் பயனில்லை. உலர்ந்தால் கிருமி மடியும். பனிக்கட்டியும் வேண்டுவதில்லை, கேரி-பிளேர் ஊடகத்தில் அது அறை வெப்பத்திலேயே சில நாட்கள் உயிரோடிருக்கும். குழாயின் மேல் நோயாளியின் அடையாள எண், வயது, ஊர், நோய் தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாளும் நேரமும், மருந்து கொடுக்கப்பட்டதா என்பது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக; மையெழுத்து ஈரத்தில் அழிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் அதனைக் காரப் பெப்டோன் நீரில் சில மணி நேரம் வளரவிட்டு, பின் டி.சி.பி.எஸ். தட்டில் பரப்புவர். மறுநாள் மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றினால் அவற்றை எதிர்ப்பொருளோடு சோதித்து வகையைத் துணிவர். ஓர் ஊரில் முதல் ஐந்தாறு நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளே பெரும்பாலும் போதும். நோய் உறுதியான பின் ஒவ்வொருவரிடமும் எடுத்துக் கொண்டிராமல், அந்நேரத்தைக் கிணறுகளைச் சோதிப்பதிலும் பொட்டலங்களை வீடுதோறும் சேர்ப்பதிலும் செலவிடலாம்.